சங்கை ஊதிவிட்டால் போதுமா?

திருவனந்தபுரத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும் முதல் வாரத்திலேயே கிழக்குக் கோட்டைக்குச் சென்று மேத்தன் மணியைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, பழைய மாளிகையின் முகப்பில், தாடி வைத்த ஒரு மனிதனின் முகம். மணி நிறைந்ததும் அம்முகத்தின் வாய் திறக்கவும், இருபுறமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பொறி அமைத்தார்கள்.

அந்தப் பொறி எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மணி இத்தனை என்று அறிவிப்பதோடு அதன் கடமை முடிந்தது. கேட்டவர்களுள் கோயிலுக்குப் போகிறவர் போவார். கடை திறக்கிறவர் திறப்பார். அலுவலகத்துக்கு ஓடுகிறவர் ஓடுவார். யார் யார் கேட்டார்கள், கேட்டு என்ன செய்தார்கள் என்பது மணிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இக்காலத்தில் கணினி நிரல் எழுதும் மாணவர்களிடையே பெருகிவரும் ஒரு முறையும் இத்தகையதே. ஒரு செயலியின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை நேரே அழைத்து வேலை ஏவாது. ‘இன்னது நடந்தது’ என்று பொதுவில் அறிவிக்கும். அதனைக் கேட்கக் காத்திருக்கும் பகுதிகள் தத்தம் வேலையைச் செய்துகொள்ளும். இதனை நிகழ்ச்சிவழிச் செய்தி முறை எனலாம். வகுப்பிலும் விடுதியிலும் இதனைப் புகழாத நண்பரைக் காண்பது அரிதாகிவிட்டது. சிறு செயலியாயினும் பெருஞ் செயலியாயினும் எல்லாவற்றையும் அறிவிப்பாலேயே நடத்திவிடலாம் என்று வாதிடுவோரும் உளர். நானும் அவ்வாறு வாதிட்டவன்தான். ஆரியசாலையில் ஒரு சனிக்கிழமை மாலை என் வாயை அடைத்தது. அந்தக் கதையையும், அதனால் நான் அடைந்த கருத்தையும் நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் வழியே கிழக்கு நோக்கி நடந்தால் ஆரியசாலை வரும். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான இந்தக் கடைத்தெருவில் தமிழ் கேளாத மூலை இல்லை. அரிசி, மிளகாய், வெல்லம், பருப்பு என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மொத்தக் கடைகள் பலவற்றில் முதலாளிகளின் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்ட மளிகைக் கடை ஒன்றுக்குக் கணக்குச் செயலி எழுதித் தரும் வாய்ப்புச் சென்ற ஆண்டு எனக்கும் என் நண்பர் இருவருக்கும் கிடைத்தது. ஒருவர் மலையாளி, மற்றவர் என்னைப்போல் தமிழர். மூவரும் மாணவர்களே.

செயலி சிறியது. நான்கே பகுதிகள்: பில் போடுவது ஒன்று, சரக்கிருப்பு ஒன்று, பற்றுவரவு ஒன்று, சுமை இறக்கும் தொழிலாளரின் கூலிக் கணக்கு ஒன்று. வாடிக்கையாளருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு துண்டு ஒன்றைப் பின்னர் ஒட்டவைத்தோம். முதலில் ஒன்றையொன்று நேரே அழைக்கும் முறையில்தான் எழுதினோம். பில் பகுதி சரக்கிருப்பை அழைக்கும். பின்பு பற்றுவரவை அழைக்கும். பின்பு குறுஞ்செய்தியை அழைக்கும். ஒவ்வொன்றும் ‘ஆயிற்று’ என்று விடை தந்த பிறகே பில் அச்சாகும்.

ஒருநாள் இணையம் படுத்துக்கொண்டது. குறுஞ்செய்தி போகவில்லை. அது போகாததால் பில்லும் வரவில்லை. வாசலில் ஆட்டோ நிற்கிறது, உள்ளே ஆள் நிற்கிறார், பணம் கையில் நிற்கிறது. குறுஞ்செய்திக்காக ஒரு கடையே நின்றது. முதலாளி எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

அன்றிரவே நிகழ்ச்சிவழி முறைக்கு மாறினோம். பில் முடிந்ததும் ‘பில் போட்டாயிற்று’ என்ற அறிவிப்பு. லாரி வந்த விவரம் பதிவானதும் ‘லாரி வந்தது’ என்ற அறிவிப்பு. வேண்டியவர் கேட்டுக்கொள்ளட்டும்! ஒரு பகுதியைத் தொடாமலே மற்றொன்றைச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது. ‘ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும்’ என்பார்களே, அந்த நிம்மதியோடு உறங்கச் சென்றோம்.

பிறகு ஒரு புதன்கிழமை, ஒரு சிறு திருத்தம் செய்தோம். லாரி வருவது இரவில். சரக்கு இறங்குவது மறுநாள் காலையில். இரண்டும் ஒன்றல்ல என்பது எங்களுக்கு அப்போதுதான் புலப்பட்டது. ஆகவே ‘லாரி வந்தது’ என்ற அறிவிப்பை நீக்கிவிட்டு, மூட்டைகள் இறங்கிய பின் ‘சரக்கு இறங்கியது’ என்று அறிவிக்கும்படி மாற்றினோம். திருத்தம் சரியானதே. ஆனால் கூலிக் கணக்குப் பகுதி பழைய பெயருக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தது. அதனை மாற்ற மூவரும் மறந்தோம்.

ஒரு பிழைச்செய்தியும் எழவில்லை. திரையில் சிவப்பு எழுத்து ஒன்றும் தோன்றவில்லை. இருப்பு சரியாக ஏறியது. பில் சரியாக வந்தது. அந்த வாரம் ஐந்து லாரிகள் வந்தன. மாற்றத்துக்கு முன் வந்த இரண்டுக்கும் கூலி ஏறியது. பின் வந்த மூன்றுக்கும் ஏறவில்லை. கூலியே இல்லையென்றால் அக்கணமே தெரிந்திருக்கும். பாதி இருந்ததால் கணக்கு உண்மைபோலவே தோன்றியது.

சனிக்கிழமை மாலை கூலி வழங்கும் நேரம். நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தோளில் துண்டும் கையில் ஒரு சிறு நோட்டுமாக என்னிடம் வந்தார். “மக்கா, உங்க மெஷின் மூணு லோடை முழுங்கிட்டு” என்றார். முதலாளியோ, “கம்ப்யூட்டர்ல ஏறலையே, நான் என்ன செய்ய?” என்றார். இருவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் ஒருவருக்கு அந்த வாரத்து அரிசி போயிற்று. மற்றவருக்கு ஒன்றும் போகவில்லை.

பெரியவரின் நோட்டைப் புரட்டினேன். நாள், லாரி எண், மூட்டை எண்ணிக்கை, உடன் இறக்கியவர் எத்தனை பேர் என்று வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு லோடும் இறங்கிய அன்றே எழுதியது. எங்கள் செயலியிலோ அத்தகைய நோட்டு இல்லை. அறிவிப்பு காற்றில் கலந்தது, கேட்பார் இல்லை, சுவடும் இல்லை. லாரி ரசீதுகளை அந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுபட்ட கூலியை மீட்டோம். திங்கட்கிழமை பணம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தை நெடுநாள் பார்த்திராத ஒருவர், கணினியியல் பயிலும் மூவர் செய்யத் தவறிய ஒன்றைத் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார் என்ற எண்ணம் மட்டும் எங்களை விட்டு அகலவில்லை.

இனி, தவறு எங்கே என்று ஆராய்வோம். பெயரை மாற்ற மறந்தது தவறுதான். ஆனால் மறதி மனிதனுக்கு இயல்பு. நேரே அழைக்கும் முறையில் இதே மறதி நிகழ்ந்திருந்தால், இல்லாத பெயரை அழைத்த அக்கணமே நிரல் கூச்சலிட்டு நின்றிருக்கும். அறிவிப்பு முறையிலோ கேட்பவர் இல்லாத அறிவிப்பும் முறையான அறிவிப்பே! அங்கே மறதிக்குக் குரல் இல்லை. அம்முறை தரும் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இந்த மௌனம். சுதந்திரத்தைப் பாடும் நண்பர்கள் விலையைச் சொல்வதில்லை என்பதே என் குறை.

இம்முறை புதிதன்று. 1979-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில், டிரிக்வே ரீன்ஸ்காக் என்னும் நார்வே நாட்டறிஞர் தரவையும் அதனைக் காட்டும் திரையையும் வேறு பிரிக்கும் அமைப்பை வகுத்தார். அதனையொட்டி வளர்ந்த நிரல்களில், தரவு மாறினால் ‘மாறினேன்’ என்று மட்டும் அறிவிக்கும். திரைகள் தாமே புதுப்பித்துக்கொள்ளும். 1994-இல் நால்வர் சேர்ந்து வெளியிட்ட புகழ்பெற்ற வடிவமைப்பு நூல் இதற்கு ‘அப்சர்வர்’ என்று பெயரிட்டு முறைப்படுத்தியது. இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்தியதும் உலாவியில் நடப்பதும் இதுவே. திரைக்கு இதனினும் சிறந்த முறை இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு திரை புதுப்பிக்கத் தவறினால் கண் உடனே காட்டிக்கொடுக்கும். கூலிக் கணக்குக்கு அப்படியொரு கண் இல்லை.

நாங்கள் நோட் ஜேஎஸ்ஸில் எழுதினோம். 2009-இல் வெளிவந்த அதில் ‘ஈவென்ட் எமிட்டர்’ என்றொரு கருவி உண்டு. அதனைக் கற்கும் மாணவர் பலர் இரண்டு செய்திகளைக் கவனிப்பதில்லை. ஒன்று: அறிவிப்பு விடுத்தால் அக்கருவி ஒரு விடையும் தருகிறது. கேட்பவர் இருந்தால் ‘ஆம்’. ஒருவரும் இல்லையென்றால் ‘இல்லை’. அந்தப் புதன்கிழமைக்குப் பின் மூன்று முறை அது எங்களிடம் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறது. நாங்கள்தாம் கேட்கவில்லை! அந்த விடையும் முழுப் பாதுகாப்பன்று. தொடர்பில்லாத வேறொரு பகுதி கேட்டிருந்தால் ‘ஆம்’ என்றே வந்திருக்கும். யாரோ கேட்டார் என்பது வேறு. கேட்க வேண்டியவர் கேட்டார் என்பது வேறு.

மற்றொன்று: அறிவிப்பு என்றதும், விடுத்தவர் தம் வழியே போய்விட, கேட்பவர் பின்னர்ச் சாவகாசமாகச் செய்வார் என்று எண்ணுகிறோம். அக்கருவியில் அவ்வாறு இல்லை. விடுத்த இடத்திலேயே, பதிவு செய்த வரிசையில், ஒவ்வொரு கேட்பவரும் ஒருவர்பின் ஒருவராக இயங்குகிறார். நடுவில் ஒருவர் பிழைபட்டு விழுந்தால் அவருக்குப் பின் நிற்பவர்க்குச் செய்தியே போகாது. அந்தப் பிழை விடுத்தவர் தலையிலும் வந்து விழும். சங்கு ஊதுவதாக எண்ணிக்கொண்டு வீடுவீடாகக் கதவைத் தட்டுகிறோம் என்பதே உண்மை. எங்கள் பில்லை நிறுத்திய அந்தக் குறுஞ்செய்தித் துண்டு, புதிய முறையிலும் மீண்டும் நிறுத்தியிருக்கக்கூடும். பெயர் மாறியதால் தன்மை மாறிவிடாது.

அக்கருவியை அமைத்தவர்களும் மௌனத்தின் ஆபத்தை அறிந்தே இருந்தனர். ‘பிழை’ என்னும் அறிவிப்பைக் கேட்க ஒருவரும் இல்லையென்றால், நிரல் அமைதியாகச் செல்லாது, தூக்கியெறிந்து நின்றுவிடும். சில அறிவிப்புகள் செவிடன் காதில் ஊதிய சங்காகக் கூடாது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. நமக்குக் கூலியும் அத்தகைய அறிவிப்பே என்ற தெளிவு வேண்டும்.

செய்தி சென்றதா என்பதும் சேர்ந்ததா என்பதும் இருவேறு கேள்விகள். இதனைத் திருவிதாங்கூரின் பழைய அஞ்சல் நன்கறியும். 1951-இல் இந்திய அஞ்சலோடு இணையும் வரை இந்நாட்டுக்கென்று தனி அஞ்சல் இருந்தது. சலங்கை கட்டிய கோலோடு ஓடும் அஞ்சலோட்டக்காரனின் ஒலி கேட்டால் வழியில் நிற்போர் ஒதுங்குவர். அந்த ஒலி எல்லாருக்கும் பொது. ஆனால் பையில் இருக்கும் கடிதம் பொதுவன்று. அது உரியவர் கையில் சேரவேண்டும். இன்றைய இயந்திரங்களுக்கு இடையேயும் இந்த வேறுபாடு உண்டு. எண்ணெய்க் குழாய்களைத் துணைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் வகுத்த எம்கியூடிடி என்னும் செய்தி முறையில் மூன்று படிகள் இருக்கின்றன: அதிகம் போனால் ஒருமுறை சேரும், குறைந்தது ஒருமுறை சேரும், சரியாக ஒருமுறையே சேரும். முதற்படி எளிது, மூன்றாம் படியில் கைமாற்றுச் செய்திகள் மிகுதி. எந்தச் செய்திக்கு எந்தப் படி என்று வகுப்பவர் முடிவு செய்யவேண்டும். நாங்கள் எல்லாவற்றையும், அறியாமலே, முதற்படியில் வைத்திருந்தோம்.

இவ்விடத்தில் ஆரியசாலையே எனக்கு ஆசிரியராக அமைந்தது. நவராத்திரிக்கு முன்னர்க் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று திருமேனிகள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக வருவதை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி கோட்டையகத்து நவராத்திரி மண்டபத்திலும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும், வேளிமலைக் குமாரசுவாமி நம் ஆரியசாலைத் தேவி கோயிலிலும் தங்குவர். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எல்லை இடையே வந்தது, ஊர்வலம் நின்றுவிடவில்லை.

அந்த ஊர்வலத்தில் இரண்டு வகைச் செய்தி ஒருங்கே நடக்கிறது. மேளம் முழங்குகிறது, அது யாவர்க்கும் பொது. கேட்டவர் வந்து வணங்குவர். கேளாதவர் வீட்டில் இருப்பர். ஊர்வலத்துக்கு அதனால் குறைவில்லை. ஆனால் பத்மநாபபுரத்தில் உடைவாளைக் கொடுப்பதும், களியக்காவிளையில் ஒரு மாநிலத்தார் மற்றொரு மாநிலத்தாரிடம் திருமேனிகளை முறைப்படி ஒப்படைப்பதும் மேளத்தால் நடப்பவை அல்ல. அங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று இருவருக்கும் தெரியும். பெறுபவர் வந்து நிற்கும்வரை கொடுப்பவர் காத்திருப்பார். ‘திருமேனி எல்லைக்கு வந்தது’ என்று மேளம் கொட்டிவிட்டுத் திரும்பிவிடுவாரா? மாட்டார்.

என் கருத்தும் இதுவே. அறிய விரும்புவோர்க்கு மேளம். பொறுப்பு ஏற்போர்க்குக் கைமாற்று. குறுஞ்செய்தி, திரைப் புதுப்பிப்பு, ‘வெல்லம் குறைகிறது’ என்ற எச்சரிக்கை ஆகியவை மேளத்துக்குரியவை. ஒன்று தவறினாலும் எவர் வயிறும் காயாது. பற்றுவரவும் கூலியும் கைமாற்றுக்குரியவை. அவற்றை நேரே அழைத்து, ‘எழுதினேன்’ என்ற விடையைப் பெற்ற பின்பே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் எல்லாம் அறிவிப்பாலேயே நடத்துகின்றனவே என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மை. லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011-இல் பொதுவுக்கு வந்த காஃப்கா போன்ற கருவிகள் கோடிக்கணக்கான நிகழ்ச்சிகளைக் கையாளுகின்றன. ஆனால் அவை அறிவிப்பைக் காற்றில் விடுவதில்லை. ஏட்டில் எழுதி வைக்கின்றன. கேட்பவர் எந்த வரி வரை படித்தார் என்று குறித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் படிக்கலாம். பெரியவரின் நோட்டு அங்கே மிகப் பெரிய உருவில் இருக்கிறது. அதனைக் கண்காணிக்கவும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. நாமோ நோட்டை விட்டுவிட்டு மேளத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் சிறு செயலியில் இம்முறையைக் கைவிடலாமா என்றால், வேண்டா. ஒழுங்கோடு கைக்கொண்டால் போதும். நாங்கள் பின்னர்ச் செய்தவற்றைச் சொல்கிறேன். அறிவிப்புகளின் பெயர்களையெல்லாம் ஒரே ஏட்டில் எழுதினோம். ஒவ்வொன்றையும் யார் விடுக்கிறார், யார் கேட்டே ஆகவேண்டும் என்றும் எழுதினோம். செயலி தொடங்கும்போதே அந்த ஏட்டோடு ஒப்பிட்டு, கேட்க வேண்டியவர் இல்லையென்றால் தொடங்க மறுக்கும்படி செய்தோம். பில்லும் அதன் நிகழ்ச்சிப் பதிவும் தரவுத்தளத்தில் ஒருசேர எழுதப்படும். ஒன்று நிற்க மற்றொன்று விழ இடமில்லை. அந்தப் பதிவிலிருந்தே அறிவிப்பு புறப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண். அதே எண் மறுமுறை வந்தால் ஒதுக்கிவிடும். இல்லையேல் ஒரே லோடுக்கு இருமுறை கூலி ஏறும். அப்போது நட்டம் முதலாளிக்கு. கூலிக் கணக்கை மட்டும் அறிவிப்பிலிருந்து எடுத்து, நேரே அழைக்கும்படி மாற்றினோம். நிரல் சிறிது நீண்டது. உறக்கமும் சிறிது நீண்டது.

பெயர் பற்றி ஒரு சொல். ‘லாரி வந்தது’ வேறு, ‘சரக்கு இறங்கியது’ வேறு என்பதை நாங்கள் வாரக்கணக்கில் அறியாதிருந்தோம். ஆரியசாலையில் எந்தத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டு வைத்தோம். கடையோ தமிழிலும் மலையாளத்திலும் நடக்கிறது. நிகழ்ச்சிகளுக்குப் பெயரிடும் உரிமை அந்நிகழ்ச்சியில் தோள் கொடுப்பவர்க்கே முதலில் உண்டு. அவர்கள் வழங்கும் தமிழ்ச் சொல்லையே நிரலில் அப்படியே எழுதலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதனைத் தடுப்பதில்லை. எங்கள் ஏட்டில் இப்போது ‘சரக்கு இறங்கியது’ என்று தமிழிலேயே இருக்கிறது. மலையாள நண்பரும் அதனை எளிதில் படிக்கக் கற்றுக்கொண்டார்.

நண்பர்களே, நம் காரியவட்டம் வளாகத்துக்கு அருகிலேயே 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கிறது. நம்முள் பலர் அங்கோ, சென்னையிலோ, கடல் கடந்தோ நிரல் எழுதப்போகிறோம். நாம் எழுதும் வரியில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் நமக்கு நட்டம் இல்லை. மேலதிகாரி முகம் சுளிப்பார், அவ்வளவே. நட்டம் வேறெங்கோ, நம் திரையைப் பார்த்தேயிராத ஒருவரின் சட்டைப்பையில் நேரும். அவர் எல்லா இடத்திலும் நோட்டு வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நோட்டை நம் நிரலே வைத்திருப்பதுதான் நியாயம்.

மேத்தன் மணியின் ஓர் அடியை நாம் கேளாமல் விட்டால் கேடில்லை. அடுத்த மணி வரும், அது கணக்கை நேராக்கிவிடும். இறக்கிய லோடு மறுபடி இறங்காது. ஆகவே அடுத்த முறை ஓர் அறிவிப்பை எழுதும்போது, இது மறுபடி வருமா, வாராதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாராது என்றால், சங்கைக் கீழே வைத்துவிட்டு, உரியவர் வாசலுக்கு நேரே நடந்து செல்லுங்கள்.